எஞ்சின்ரூம் கோவிந்தசாமி அண்ணன் வாங்கிய ஸ்பீக்கர்

ஜெராம் சந்தையில் கெம்போங் மீனைச் சுத்தம் செய்யக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். கைப்பேசி கீச்சிட்டது. நம் ஆலையின் பழைய ஆட்களுடைய வாட்ஸ்அப் புலனக் குழு. “எஞ்சின்ரூம் கோவிந்தசாமி அண்ணன் இன்று காலை காலமானார். நெஞ்சு வலி. ஈமச்சடங்கு நாளை பத்து மணிக்கு, வீட்டில்.” அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நானும் ஒரு கும்பிடு போட்டேன். உடனே அழித்தேன். என் கும்பிடு அவருக்கு என்னத்துக்கு? மீன்காரர் பின்னாலிருந்து, “அக்கா, மீனு! மீன வுட்டுட்டுப் போறீங்க!” என்று கத்தினார். திரும்பிப் பார்க்காமல் காருக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, வாய்விட்டு அழுதேன்.

பதினாறாம் நாளுக்குள் அவரைப் பற்றி நாலு வரி எழுதித் தரும்படி குழுவில் கேட்டார்கள். “கிராணி அக்கா, நீங்கதான் லா நல்லா எழுதுவீங்க” என்று ஐஸ் வேறு வைத்தார்கள். எழுதுகிறேன். நாலு வரியில் அடங்காது. நல்லவர், நாணயமானவர், நாலு பேருக்கு உதவியவர் என்று எழுதி முடித்துவிடலாம். அதெல்லாம் உண்மையும்கூட. ஆனால் அவருக்கு நான் செய்ததை மறைத்துவிட்டு அவரைப் புகழ்ந்தால் தின்கிற சோறு எனக்குச் செரிக்காது. வாசித்துவிட்டு என்னைக் குழுவிலிருந்து தூக்குவதானால் தூக்குங்கள்.

அவரை அறியாத பிள்ளைகளும் இதை வாசிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். இஜோக்குக்கு அப்பால் இருக்கும் செம்பனை ஆலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயந்திர அறையைப் பார்த்துக்கொண்டவர் கோவிந்தசாமி அண்ணன். நீராவியில் ஓடும் டர்பைன் அங்கே இரவு பகலாக அலறும். பக்கத்தில் நிற்பவனின் வாய் அசைவது தெரியும், பேச்சு கேட்காது. கம்பெனி கொடுத்த காதடைப்பானை அவர் சட்டைப் பையில்தான் போட்டிருப்பார். நீளமான ஒரு ஸ்குரூ டிரைவரின் நுனியை ஓடுகிற இயந்திரத்தின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். “காத அடைச்சிக்கிட்டா மிஷினு பேசறது எப்படிம்மா கேக்கும்?” என்பார். அவர் இருந்தவரை அந்த டர்பைன் ஒரு நாள்கூடச் சொல்லாமல் கொள்ளாமல் நின்றதில்லை. அவருடைய காதுதான் நின்றது.

நான் அதே ஆலையில் லோரிகளை எடை போடும் இடத்தில், நம் ஆட்கள் பாஷையில் திம்பாங்கில், கணக்கு எழுதும் கிராணியாக இருந்தேன். செம்பனைக் குலைகளுக்கு அடியில் கல்லை வைத்து எடை ஏற்றிக்கொண்டு வருபவனை லோரிச் சக்கரம் நசுங்கியிருப்பதைப் பார்த்தே பிடித்துவிடுவேன். பிடித்தால் சும்மா விடமாட்டேன், அவன் மூன்று தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டு கிடைக்கும். எனக்கு நீங்கள் வைத்த பெயர் சிலிப்பாடி என்று எனக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? அந்தச் சின்ன மிளகாயின் பெயரை அண்ணன் மட்டும் மரியாதையாகச் சொல்வார். “எடை மேடையில பொய் ஏறாம இருக்குதுன்னா இந்தச் சிலிப்பாடி இருக்கறதாலதான்” என்று மேனேஜர் முன்னாலேயே சொன்னார். அன்று நான் தரையில் நடக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு காலையில் என் வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்து கோப்பித் தண்ணி குடித்துவிட்டு, வழக்கத்தைவிட உரக்க, சிரித்துக்கொண்டே சொன்னார்.

“தங்கச்சி, டாக்டரு சொல்லிட்டாரு. நரம்பு தேயுதாம். ரெண்டு வருசம், மிஞ்சினா மூணு. அப்புறம் மொத்தமா சாத்திக்கும்.”

“காது மிஷினு வெச்சா சரியாப் போயிடாதாண்ணே?”

“வெச்சுப் பாத்தேன். பேச்சு கொஞ்சம் வெளங்குது. பாட்டு கேட்டா அப்பளம் பொரியற மாதிரி இருக்கு.”

பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னார். நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்க வேண்டும். சும்மா இல்லை, இருப்பதிலேயே நல்லது. சேமநிதியிலிருந்து அதற்கென்று எடுத்து வைத்துவிட்டார். எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது. காது போகப்போகிறவருக்கு எதற்கு அவ்வளவு ஒசத்தி ஸ்பீக்கர் என்று வாய் தவறிக் கேட்டும் விட்டேன். அவர் கோபப்படவில்லை.

“எனக்கில்லம்மா. லெட்சுமிக்கு. நாதசுரம் கேட்டா அவ மூஞ்சி எப்படி மாறும் தெரியுமா? கையில கரண்டி இருந்தா கரண்டி அப்படியே நிக்கும். கண்ணு தானா மூடும். இத்தன வருசம் நான் பாட்டு கேட்டதவிட அவ கேக்கறதப் பாத்ததுதான் அதிகம். என் காது போனப்புறம் அவ உக்காந்து கேக்கட்டும். நான் எதிர்த்தாப்புல உக்காந்து அவ மூஞ்சியப் பாத்துக்கிறேன். அது போதும் எனக்கு.”

அப்படியானால் லெட்சுமி அண்ணியையே கடைக்குக் கூட்டிக்கொண்டு போகலாமே என்றேன். அவர் மறுத்துத் தலையை ஆட்டினார். “அவகிட்ட கேட்டா எனக்கு எது புடிக்குதுன்னு பாத்து அதையே சொல்லுவா. நீதான் மூஞ்சிக்கு நேரா சொல்றவ. உன் காது எனக்கு வேணும். இன்னொண்ணு, அவகிட்ட இதச் சொல்லிடாத. சொன்னா எனக்காக நடிப்பா, நடிக்கிற மூஞ்சிய வெச்சிக்கிட்டு நான் என்ன செய்ய?” இப்படிச் சொல்லி என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். நானும் பெரிய மனுஷி மாதிரி அடித்துக் கொடுத்தேன்.

பதினோரு மாதம் அலைந்தோம். கிள்ளான், கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா என்று என் சின்னக் காரில் போகாத கடை இல்லை. அந்தக் கடைகளுக்குள் கோயிலுக்குப் போவதுபோல் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகவேண்டும். கம்பளம், திரைச்சீலை, நடுவில் ஒரு சோபா. அண்ணன் எப்போதும் ஒரே நாதசுர ஒலித்தட்டைத்தான் கொண்டுபோவார். ஒரு கடையில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய், பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தாரே பார்க்கவேண்டும்! விற்பனையாளர் செங்குக்கு உயிரே போய்விட்டது. “அங்கிள், ஜாங்கான் லா, வேணாம்! புது செட்டு அங்கிள்!” என்று ஓடிவந்தார். அண்ணன் நுனியில் கைக்குட்டையைச் சுற்றி, கண்ணாடிபோல் பளபளத்த அந்தப் பெட்டியின் மேல் வைத்து, காது எலும்பில் அழுத்திக்கொண்டு நின்றார்.

“இந்தப் பொட்டியே உள்ளுக்குள்ள நடுங்குதுப்பா. பாட்டு பாடறவன் பாடணும். பொட்டி வாயத் தொறக்கக் கூடாது.”

செங் அசந்துபோனார். அன்றிலிருந்து அங்கிளுக்கு முதல் மரியாதைதான். நாங்கள் போனால் எனக்கு ஒரு மிலோவும் அவருக்கு ஒரு தேநீரும் வந்துவிடும்.

ஆனால் ஒரு கொடுமை நடந்துகொண்டிருந்தது. போன மாதம் நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்ன ஜோடி இந்த மாதம் மங்கிக் கேட்டது. பெட்டி மாறவில்லை, அவர் காது மாறிக்கொண்டிருந்தது; கீச்சென்ற மேல் சத்தங்கள்தான் முதலில் போயின. தேர்ந்தெடுக்கத் தேர்ந்தெடுக்க, எதைக்கொண்டு தேர்ந்தெடுக்கிறாரோ அது கரைந்துகொண்டே போனது. காரில் வரும்போது, “சீக்கிரம் முடிச்சிடணும் தங்கச்சி, சீக்கிரம்” என்பார். நான் சாலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவேன்.

கடைசியில் செங்கின் கடையில் இரண்டு ஜோடிகள் மிஞ்சின. ஒன்று தேக்கு நிறத்தில் மரப்பெட்டி. அதில் ஒலித்தட்டைப் போட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நாதசுரக்காரர் அடுத்த பிடிக்கு முன்னால் மூச்சிழுப்பதுகூடக் கேட்டது. அண்ணியின் கரண்டி நிற்கும் என்று அண்ணன் சொன்னாரே, அது இதற்குத்தான் என்று நினைத்தேன். அண்ணனோ முகத்தைச் சுளித்தார். “மூடி போட்டு வெச்ச மாதிரி இருக்கே.” அடுத்தது வெள்ளைப்பெட்டி. மேல் சத்தங்களை எழுப்பும் ட்வீட்டர் உலோகத்தில். தாளம் தட்டிய முதல் தட்டிலேயே என் காதுக்குள் ஊசி இறங்கியது. பல் கூசியது. அண்ணன் துள்ளி எழுந்தார்.

“தாளம்! தங்கச்சி, தாளம் கேக்குது! எவ்வளவு நாளாச்சு!”

கண்ணில் தண்ணீர் கொட்டியது. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். “எப்படி இருக்கு, சொல்லு. லெட்சுமி உக்காந்து கேப்பாளா?”

பதினோரு மாதத்தில் அந்த முகம் மலர்ந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். என் நாக்கில் சனி ஏறி உட்கார்ந்தது. “ரொம்ப நல்லா இருக்குண்ணே” என்றேன். மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் சொன்னேன். லோரிக்காரனை அடித்து விரட்டிய வாய்தான் இது. “கேப்பாங்கண்ணே, உக்காந்து கேப்பாங்க” என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது.

வெள்ளைப்பெட்டியை வாங்கினார்; பிடிக்காவிட்டால் ஒரு மாதத்துக்குள் மரப்பெட்டியோடு மாற்றிக்கொள்ளலாம் என்று செங் சொல்லி அனுப்பினார். அந்த மாதத்தில்தான் அண்ணன் உங்களையெல்லாம் விருந்துக்கு அழைத்தார். சபாக்கிலிருந்தும் உலு யாமிலிருந்தும்கூட வந்தீர்கள். ஆட்டுக்கறியும் தோசையும் சாப்பிட்டீர்கள். கோலசிலாங்கூரில் தாமான் குடியிருப்பிலுள்ள அந்தச் சின்ன வீட்டின் ஹாலில், பளிங்குத் தரையில் பட்டுத் தெறித்த அந்தச் சத்தத்தில், ஒருவர்கூட அரைமணி நேரம் உட்காரவில்லை. வெளியே நின்று காதைக் குடைந்துகொண்டீர்கள். உள்ளே வந்து, “டாப் கிளாஸ் லா அண்ணே!” என்றீர்கள். புதிதாக வீட்டுக்கு வந்த பொருளைக் குறை சொன்னால் அந்த வீட்டுக்கே ஆகாது என்று வளர்ந்தவர்கள் நாம். உங்களை மட்டும் சொல்லவில்லை, அந்தப் பாராட்டுக்குப் பிள்ளையார் சுழி போட்டவளே நான்தான். ஒரு லோரி டிரைவர் என் பக்கத்தில் குனிந்து, “செவிடன் காதுல ஊதின சங்குக்கா” என்று சிரித்தான். “கல்லு வெச்சு எடை ஏத்துனவன்தானடா நீ, பேசாத” என்று அவன்மேல் பாய்ந்தேன். பாய வேண்டியது என்மேல்.

வாரம் தவறாமல் போனேன். இன்று சொல்லிவிடுவது என்று போவேன். அண்ணன் ஒலித்தட்டைப் போடுவார். எதிரிலிருக்கும் அண்ணியின் நாற்காலியைப் பார்ப்பார். அது காலியாக இருக்கும். அண்ணி கொல்லைப்பக்கம் கொடியில் காயாத துணியை எடுத்துக்கொண்டிருப்பார்.

“எப்பப் பாரு அவளுக்கு ஒரு வேல” என்பார் அண்ணன்.

கொல்லையில் அண்ணி என்னிடம் கிசுகிசுத்தார். “தல வெடிக்குது தங்கச்சி. இருக்கட்டும், அவருக்குக் கேக்குதில்ல, அவரு சந்தோசமா இருந்தாச் சரி. நீ எதையும் சொல்லிடாத, அவரு மனசு ஒடஞ்சிடும்.”

அவர் வாங்கியது அண்ணிக்காக. அண்ணி சகித்துக்கொண்டது அவருக்காக. இரண்டும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இரண்டு பேருக்கும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு நடுவில் மரம் மாதிரி நின்றேன். ஒரு மாதம் முடிந்தது.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்குமேல் ஓடிவிட்டது. அவருக்கு எதையும் எழுதிக் காட்டவேண்டிய நிலை வந்தது. பக்கத்தில் ஒரு நோட்டும் பென்சிலும் எப்போதும் இருக்கும். அப்படியான ஒரு பிற்பகலில் போனேன். அண்ணி கடைக்குப் போயிருந்தார். அண்ணன் ஸ்பீக்கருக்கு முன்னால் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். சத்தமே இல்லை. மின்சாரம் போயிருக்கிறது, பாவம், அவருக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். சொல்ல மனம் வரவில்லை. எதிரே உட்கார்ந்து நானும் தலையை ஆட்டினேன். “எப்படி?” என்பதுபோல் கையை விரித்தார். கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். அருமை என்று.

அவர் தாளத்தை நிறுத்தினார். நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு கம்பியை எடுத்து என் மடியில் வைத்தார். ஸ்பீக்கரிலிருந்து அவரே கழற்றி வைத்திருந்த கம்பி.

இயந்திர அறையில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். அழுத்தம் காட்டும் மீட்டர்மேல் சந்தேகம் வந்தால் அதற்குப் போகும் நீராவியை அடைத்துவிட்டுப் பார்ப்பார்கள். முள் பூஜ்யத்துக்கு இறங்கினால் மீட்டர் நல்லது. இறங்காமல் நின்றால் அது இத்தனை நாளும் காட்டியதெல்லாம் பொய். அண்ணன் என்னை அப்படித்தான் அடைத்துப் பார்த்தார். என் முள் இறங்கவில்லை.

“அப்ப, அன்னிக்குக் கடையில?” என்றார்.

நோட்டை எடுத்து எழுதினேன். மரப்பெட்டிதான் நன்றாக இருந்தது, இது முதல் நாளிலிருந்தே காதைக் கிழிக்கிறது என்று எழுதினேன். நோட்டை வாங்கி வாசித்தார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை.

“அப்ப லெட்சுமி எந்திரிச்சுப் போறது வேலைக்கில்ல.”

இல்லை என்று தலையாட்டினேன்.

“மாத்தியிருக்கலாமேம்மா. அப்ப இருந்துச்சே ஒரு மாசம். அவ மூஞ்சியப் பாக்கறதுக்குத்தானே உன்னக் கூட்டிக்கிட்டுப் போனேன்.”

குனிந்து, கம்பியை மறுபடி மாட்ட முயன்றார். விரல் சரியாக வரவில்லை. நான் உதவப் போனேன். “இருக்கட்டும், நீ போய்ட்டு வா” என்றார். அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. அதன்பிறகு இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. வெட்கம். கைப்பேசியில் ஒரு மன்னிப்பாவது தட்டி அனுப்பியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று ஜெராம் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன், பாவி.

போன வாரம் அண்ணியைப் பார்க்கப் போனேன். அண்ணன் அந்த ஸ்பீக்கரை யாருக்கு, எதற்காக வாங்கினார் என்பதைச் சொன்னேன். செய்த சத்தியத்தை உடைத்து, ஒன்று விடாமல் சொன்னேன். அண்ணி அழவில்லை. என்னை அடித்துவிடுவார் என்று நினைத்தேன், அடிக்கவுமில்லை.

“இது தெரிஞ்சிருந்தா, காது கிழிஞ்சு ரத்தம் வந்தாலும் உக்காந்திருப்பேனே தங்கச்சி. சும்மா உக்காந்திருக்கத் தெரியாதா எனக்கு?”

எழுந்துபோய் ஒலித்தட்டைப் போட்டார். தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அதே ஊசிச் சத்தம் சுவரில் பட்டுத் தெறித்தது. அண்ணியின் தாடை இறுகியது, கை நாற்காலியைப் பற்றிக்கொண்டது. எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் போனது. நாதசுரம் ஒரு சுரத்தில் நீண்டு நின்ற இடத்தில் அந்தக் கை தளர்ந்தது. நெற்றிச் சுருக்கம் போனது. கண் தானாக மூடியது. அந்தப் பாழாய்ப்போன வெள்ளைப்பெட்டியிலும் அது வந்தது. மரப்பெட்டி இல்லாவிட்டாலும் வந்திருக்கும். உட்கார்ந்திருந்தால் போதும், வந்திருக்கும்.

அவர் பதினோரு மாதம் கடை கடையாய் ஏறி இறங்கியது அந்த முகத்துக்காக. காது போனபின் கடைசிவரை அவர் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்துவிட்டேன். கோவிந்தசாமி அண்ணனுடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் வைத்திருக்கிறேன்.